கல்லிலிருந்து கனிமத்தைப் பிரிப்பது: நிலக்கரிக்கும் தாதுவுக்கும் என்ன வழி?

கேள்வி இது: "புவியீர்ப்பு முறை, நுரை மிதப்பு, காந்தப் பிரிப்பு, வேதிக் கழுவுதல் என்று பள்ளியில் படித்தோம். எந்தத் தாதுவுக்கு எந்த முறை என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நிலக்கரியைக் கழுவுகிறார்கள் என்கிறார்களே, அதுவும் இதே வேலைதானா? முழுக்கச் சுத்தமான நிலக்கரி கிடைக்குமா?"

நல்ல கேள்வி. பாடப்புத்தகத்தில் முறைகளின் பெயர்கள் இருக்கும், படம் இருக்கும். ஆனால் ஒரு முறையை ஏன் தேர்ந்தெடுக்கிறோம், எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பது பெரும்பாலும் இருக்காது. இந்தத் தொழிலின் உயிரே அந்த இரண்டில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், "சுத்தம் செய்வது" என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைப்போம். கல்லின் மேல் ஒட்டிய அழுக்கை நீக்கும் வேலை அல்ல இது. வேண்டிய கனிமமும் வேண்டாத கனிமமும் ஒரே கல்லுக்குள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியாக்கி இரண்டு வழியில் அனுப்புவதுதான் வேலை. தமிழில் இதற்கு அருமையான வினைச்சொற்கள் இருக்கின்றன: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், அரித்தல். நான்குமே பிரிப்பதைச் சொல்பவை. கனிமத் தொழிலில் இருக்கும் பாதி இயந்திரங்கள் இந்த நான்கு வினைகளின் பெரிய வடிவங்கள்தான்.

பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனைகள். ஒன்று, வேண்டியதும் வேண்டாததும் தனித்தனித் துகள்களாக இருக்க வேண்டும். இரண்டு, அந்தத் துகள்களுக்கு இடையே பயன்படுத்தத் தக்க ஏதாவது ஒரு வேறுபாடு வேண்டும். எடையோ, மேற்பரப்பின் தன்மையோ, காந்தமோ, மின்கடத்தலோ, எதுவாகவும் இருக்கலாம். முறையைத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டாவது விஷயம். ஆனால் முதல் நிபந்தனையைத் தாண்டாமல் அதற்குள் நுழையவே முடியாது.

ஒரு செப்புத் தாதுக் கல்லை உடைத்துப் பாருங்கள். வெளிறிய குவார்ட்ஸ் பாறைக்குள் பித்தளை நிறப் புள்ளிகள் தெரியும். புள்ளி ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். அந்தக் கல்லை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்தால், ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் செம்பும் நிறையக் குவார்ட்ஸும் இருக்கும். எந்த இயந்திரத்தில் போட்டாலும் அந்தத் துண்டு ஒரு பக்கம்தான் போகும். அதனால் புள்ளியின் அளவுக்கு வரும்வரை அரைக்க வேண்டும். செப்புத் தாதுக்களைப் பெரும்பாலும் 100 முதல் 200 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது மெல்லிய மணல் அளவுக்கு அரைக்கிறார்கள். கனிமம் கல்லிலிருந்து கழன்று தனித்துகளாவதை விடுவிப்பு என்று சொல்லலாம். பாதி இது, பாதி அது என்று ஒட்டியபடி நிற்கும் துகள்கள் இடைத்தரம். அவற்றை மீண்டும் அரைவைக்கு அனுப்புவதுதான் வழக்கம்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மாவாக அரைத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. தாதுவைப் பிரிக்கும் ஆலையில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அரைவைதான். அதோடு, துகள் 10 மைக்ரானுக்குக் கீழே போய்விட்டால் அது சேறாகிவிடும். எடையில் பிரிக்கலாம் என்றால் விழவே விழாது. குமிழியில் ஒட்டவைக்கலாம் என்றால் சிறிய துகள் குமிழியோடு மோதாமல் நீரோட்டத்தோடு சுற்றிக்கொண்டு போய்விடும். வேண்டிய அளவுக்கு மேல் ஒரு சுற்றுக்கூட அரைக்கக் கூடாது. அதனால்தான் அரைவை இயந்திரத்துக்கு அடுத்து ஹைட்ரோசைக்ளோன் என்ற கூம்பு நிற்கிறது. பொடியானது மேல்வழியாக வெளியேறும், பொடியாகாதது கீழ்வழியாக மறுபடியும் அரைவைக்குப் போகும்.

இப்போது வேறுபாட்டுக்கு வருவோம். மிகப் பழையதும் எளியதும் எடை. இங்கே ஒரு சின்னக் கணக்கு ரொம்ப உதவும். கனமான கனிமத்தின் அடர்த்தியிலிருந்து நீரின் அடர்த்தியான 1-ஐக் கழியுங்கள். இலேசான கனிமத்துக்கும் அப்படியே செய்யுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். விடை 2.5-க்கு மேல் இருந்தால் மென்மணல் அளவு வரைக்கும் நீரிலேயே சுலபமாகப் பிரிக்கலாம். 1.25-க்குக் கீழே என்றால் எடையை நம்பி இறங்காதீர்கள்.

தங்கத்தின் அடர்த்தி 19.3, குவார்ட்ஸ் 2.65. கணக்குப் போட்டால் 11 வரும். ஆற்றங்கரையில் ஒரு தட்டையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு பொன் அரிக்க முடிந்ததற்குக் காரணம் இதுதான். வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட்டுக்கு அடர்த்தி சுமார் 7, விடை 3.6. அதுவும் சுலபம். இரும்புத் தாதுவான ஹெமடைட்டுக்கு விடை 2.5, விளிம்பில் நிற்கிறது. நிலக்கரிக்கு? நல்ல கரியின் அடர்த்தி 1.3, அதோடு வரும் களிப்பாறை சுமார் 2.4. விடை 4.7! பார்த்தால் தாதுக்களை விட நிலக்கரிதான் சுலபம் என்று தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

எடையில் பிரிக்கும் இயந்திரங்கள் பல. ஜிக் என்ற தொட்டியில் துளைகள் கொண்ட தட்டின் மேல் துகள் படுகை இருக்கும். கீழிருந்து நீர் விட்டுவிட்டு மேலே உந்தும். படுகை தளர்ந்து விரியும், மீண்டும் அமரும். ஒவ்வொரு துடிப்பிலும் கனமானது ஒரு நூலளவு கீழே, இலேசானது ஒரு நூலளவு மேலே. நிமிடத்துக்குப் பல பத்துத் துடிப்புகள் என்றால் சில நிமிடங்களில் அடுக்குகள் பிரிந்துவிடும். 1892-இல் ஜெர்மனியில் பாம் என்பவர் அந்த உந்தலை அழுத்தக் காற்றால் கொடுக்கும் ஜிக்கைக் கொண்டுவந்தார். நிலக்கரிக்கு அந்த வடிவம் இன்றும் ஓடுகிறது. சுருள் பிரிப்பான் இன்னும் எளிமை. சுருள்படி போல இறங்கும் ஒரு வாய்க்கால், அதில் மணல் கலந்த நீர். கனமான துகள்கள் உட்புற ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும், இலேசானவை வெளிப்புறம் ஒதுங்கும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

அதிர்வு மேசையை வாய்ப்புக் கிடைத்தால் நேரில் பாருங்கள். சற்றுச் சாய்ந்த மேசை, மேலே நீளவாக்கில் மெல்லிய வரம்புகள். மேசை பக்கவாட்டில் வெடுக் வெடுக்கென்று இழுத்துக்கொண்டே இருக்கும், குறுக்கே நீர் மெல்லியதாக வழியும். சில நிமிடங்களில் கலங்கலாக வந்த மணல் வண்ணப் பட்டைகளாகப் பிரிந்துவிடும். மேல் ஓரத்தில் கன்னங்கறுப்பாக ஒரு மெல்லிய கோடு, அடுத்துப் பழுப்பு, அதற்குக் கீழே வெளிறிய அகலப் பட்டை. ஒரு மரத்துண்டைக் கோட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் நகர்த்தி வைத்தால் எது எந்த வாளிக்குப் போக வேண்டும் என்பது முடிவாகிவிடும். நான் இந்தத் தொழிலைப் புரிந்துகொண்டது அந்த மரத்துண்டை நகர்த்தித்தான். இந்தப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளினால் பொருள் தூய்மையாகும், ஆனால் அளவு குறையும். அந்தப் பக்கம் தள்ளினால் அளவு கூடும், கூடவே கசடும் சேரும். இரண்டும் ஒன்றாகக் கூடும் இடம் என்று ஒன்று அந்த மேசையில் கிடையாது.

எடை முறைகளில் ஒரு பொறி உண்டு. சிறிய கனமான துகளும் பெரிய இலேசான துகளும் நீரில் ஒரே வேகத்தில் விழும். அதனால் பிரிப்பதற்கு முன்பு சல்லடையில் அளவுவாரியாக ஒதுக்கிக்கொள்ள வேண்டும். சலிக்காமல் ஜிக்கில் கொட்டினால் அளவைத்தான் பிரிப்பீர்கள், கனிமத்தை அல்ல.

இனி நிலக்கரி. தாதுவில் வேண்டியது கொஞ்சம், வீசுவது நிறைய. நூறு டன் செப்புத் தாதுவில் தொண்ணூற்றைந்து டன்னுக்கு மேல் வெளியே போகும். நிலக்கரியில் தலைகீழ். பெரும்பகுதியை வைத்துக்கொண்டு சிறுபகுதியை வெளியே தள்ளுகிறோம். அதனால் ஒரு டன்னுக்குச் செலவழிக்கக் கூடிய தொகையும் குறைவு. எவ்வளவு நுட்பமான முறையானாலும் கரியின் விலை அதைத் தாங்க வேண்டும்.

நிலக்கரியில் உள்ள வேண்டாப் பொருள் இரண்டு: எரிந்தபின் சாம்பலாக நிற்கும் கனிமங்கள், கந்தகம். சாம்பல் தருவதில் இரண்டு வகை. படுகைகளுக்கு இடையில் வந்த களிப்பாறை, சுரங்கக் கூரையும் தரையும் உடைந்து விழுந்த கல் ஆகியவை ஒரு வகை. இவை தனித்துண்டுகள், சுலபமாகப் போகும். இரண்டாவது வகை, ஆதியில் அந்தத் தாவரங்களுக்குள்ளேயே இருந்ததும், சதுப்பு நிலத்தில் படிந்தபோது மிக மெல்லிய களியாகக் கலந்ததும். இது கரியோடு இழைந்து கிடக்கும். எடையால் பிரிக்க முடியாது. கந்தகத்திலும் அப்படித்தான். பைரைட் என்ற இரும்புச் சல்பைடாக இருக்கும் கந்தகத்துக்கு அடர்த்தி 5. விடுபட்டிருந்தால் கல்லைப் போல மூழ்கும். கரியின் மூலக்கூறுகளிலேயே பிணைந்திருக்கும் கரிமக் கந்தகத்தை எந்தச் சலவையும் தொடாது.

ஒரு கரியைக் கழுவலாமா, எந்த அளவுக்கு என்பதை முடிவு செய்ய மிதப்பு மூழ்கல் சோதனை செய்கிறார்கள். வரிசையாக வாளிகள். ஒவ்வொன்றிலும் துத்தநாகக் குளோரைடு கரைசல். முதல் வாளியில் அடர்த்தி 1.3, அடுத்தது 1.4, 1.5 என்று ஏறிக்கொண்டே போகும். கம்பிவலைக் கூடையில் கரியைப் போட்டு முதல் வாளியில் இறக்குவீர்கள். பளபளக்கும் துண்டுகள் சட்டென மேலே வந்து தக்கை போல நிற்கும். மங்கலான சாம்பல் நிறத் துண்டுகள் நேராக அடிக்குப் போகும். சில மட்டும் நடுவில் தயங்கித் தொங்கும். அவைதான் தலைவலி. மிதந்ததை அள்ளிவிட்டு, மூழ்கியதை அடுத்த வாளிக்கு மாற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு பங்கையும் அலசி, உலர்த்தி, எடைபோட்டு, அதிலிருந்து சிறிது தூளை எடுத்து 815 டிகிரி செல்சியஸ் உலையில் எரித்து, மிச்சமாகும் சாம்பலை நிறுக்க வேண்டும்.

கணக்கு எப்படி வருகிறது என்று காட்ட நானே ஒரு எடுத்துக்காட்டைப் போடுகிறேன். 100 கிலோ கரி. 1.4-இல் மிதந்தது 30 கிலோ, அதில் சாம்பல் 10 சதவீதம். 1.4-க்கும் 1.5-க்கும் இடையில் 20 கிலோ, சாம்பல் 20 சதவீதம். 1.5 முதல் 1.6 வரை 15 கிலோ, 30 சதவீதம். 1.6 முதல் 1.8 வரை 15 கிலோ, 45 சதவீதம். 1.8-இலும் மூழ்கியது 20 கிலோ, 78 சதவீதம். மொத்தச் சாம்பல் கிட்டத்தட்ட 34 சதவீதம். இதை 1.8-இல் வெட்டினால், அதாவது அந்த அடர்த்தியில் மிதப்பதை வைத்துக்கொண்டு மூழ்குவதை வீசினால், 80 கிலோ கிடைக்கும், சாம்பல் 23 சதவீதம் அளவுக்கு. 1.6-இல் வெட்டினால் 65 கிலோ, சுமார் 18 சதவீதம். 1.5-இல் வெட்டினால் 50 கிலோ, 14 சதவீதம். கடைசிப் படியைக் கவனியுங்கள். 18-லிருந்து 14-க்கு இறங்க 15 கிலோவைக் கழிவோடு சேர்த்துவிட்டோம், அந்த 15 கிலோவிலும் எழுபது சதவீதம் எரியக் கூடியது! அது தேவையா என்பதைக் கரியை வாங்குபவரின் பயன்தான் சொல்ல வேண்டும். இரும்பு உருக்கும் ஊதுலைக்குப் போகும் கோக் (காற்றில்லாமல் சுட்ட கரி) என்றால் தேவை. கொதிகலனில் எரிக்க என்றால் பெரும்பாலும் தேவையில்லை.

அப்புறம் அந்தத் தயங்கித் தொங்கிய துண்டுகள். வெட்டும் அடர்த்திக்கு 0.1 மேலும் கீழும் இருக்கும் பொருளின் அளவை வைத்துத்தான் ஒரு கரி கழுவச் சுலபமா கடினமா என்று வகைப்படுத்துகிறார்கள். 7 சதவீதத்துக்குள் இருந்தால் சுலபம், 10-க்கு மேல் கடினம், 25-ஐத் தாண்டினால் மிகமிகக் கடினம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 1.5-இல் வெட்டினால் இந்த அளவு 35! நான் முன்பு சொன்ன "மீதிப் பாதி" இதுதான். தூய கரிக்கும் தூய களிப்பாறைக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. ஆனால் பல படுகைகளில் அந்த இடைவெளி முழுவதையும் கலப்புத் துண்டுகள் நிரப்பிவிடுகின்றன. இந்தியாவும் அடங்கியிருந்த கோண்ட்வானா என்ற பழங்காலப் பெருநிலப்பரப்பில் உருவான கரிகள் இதற்குப் பெயர்போனவை. இதே காரணத்தால் ஐரோப்பியக் கரிக்காக வடிவமைத்த ஜிக் எல்லா இடத்திலும் அதே தரத்தில் வேலை செய்யாது.

இந்த இடத்தில்தான் அடர் ஊடக முறை வருகிறது. வாளிச் சோதனையை அப்படியே ஆலை அளவுக்குப் பெரிதாக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆயிரக்கணக்கான டன் கரிக்குத் துத்தநாகக் குளோரைடு கட்டுப்படியாகாது. அதற்குப் பதிலாக, மாக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவை நன்றாகப் பொடித்து நீரில் கலக்குகிறார்கள். 100 லிட்டர் கலவையில் சுமார் 12 லிட்டர் இடத்தை மாக்னடைட் பிடித்தால் அடர்த்தி 1.5 ஆகிவிடும். கரி மிதக்கும், கல் மூழ்கும். ஏன் மாக்னடைட்? களிமண்ணையோ மணலையோ கலந்தாலும் அடர்த்தி வரும். மணலை வைத்து ஓடிய ஆலைகளும் இருந்தன. ஆனால் வேலை முடிந்ததும் கரியின் மேல் ஒட்டிய பொடியை நீரால் அலசி, அந்த நீரைக் காந்த உருளைக்கு அடியில் ஓட்டினால் மாக்னடைட் கிட்டத்தட்ட முழுவதும் உருளையில் ஒட்டித் திரும்ப வந்துவிடும். களிமண் சேறு ஓடிப்போய்விடும். ஊடகம் தன்னைத்தானே சுத்தப்படுத்திக்கொள்கிறது! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. 1940-களில் நெதர்லாந்தின் அரசுச் சுரங்க நிறுவனம் இதே ஊடகத்தைச் சைக்ளோன் கூம்புக்குள் சுழலவிட்டது. சுழற்சியில் விசை பல மடங்காவதால் அரை மில்லிமீட்டர் வரையுள்ள சிறு துண்டுகளையும் கூர்மையாகப் பிரிக்க முடிந்தது. கழுவக் கடினமான கரிகளுக்கு இன்றைக்கும் நம்பகமான ஆயுதம் அதுதான். இன்னும் கனமான ஊடகம் வேண்டுமென்றால் ஃபெர்ரோசிலிக்கான் என்ற இரும்பு-சிலிக்கான் கலவையின் பொடி. வைரம், இரும்புத் தாது ஆகியவற்றுக்கு அது.

அரை மில்லிமீட்டருக்குக் கீழே? அங்கே எடை கைகொடுப்பது குறைகிறது. மேற்பரப்பின் தன்மைக்கு வந்தாக வேண்டும். அதாவது நுரை மிதப்பு.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, மேலே கந்தகப் பொடியைத் தூவுங்கள். கந்தகத்தின் அடர்த்தி 2. கணக்குப்படி மூழ்க வேண்டும். ஆனால் மேலேயே கிடக்கும், நனையவே நனையாது. இப்போது ஒரு சொட்டு சோப்புக் கரைசலை விடுங்கள். பொடி நனைந்து, மழை போலக் கீழே இறங்கும். எடை மாறவில்லை. நீரோடு அதற்கிருந்த உறவுதான் மாறியது. நுரை மிதப்பு முழுவதும் இந்த ஓர் உறவைக் கையாளும் கலை.

நீரை விரும்பாத துகள் காற்றுக் குமிழியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், குமிழி அதைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். நீரை விரும்பும் துகள் கீழேயே தங்கும். நிலக்கரியும் கிராஃபைட்டும் இயல்பிலேயே நீரை விரும்பாதவை. சிறிது மண்ணெண்ணெயோ டீசலோ சேர்த்தால் அந்தத் தன்மை இன்னும் உறுதிப்படும். ஆனால் மழையிலும் வெயிலிலும் வெகுகாலம் குவித்து வைத்த கரி ஆக்சிஜனோடு வினைபுரிந்து இந்தத் தன்மையை இழந்துவிடும். ஒரே சுரங்கத்துக் கரி, புதிதாக வந்தபோது மிதந்தது, பழைய குவியலிலிருந்து எடுத்தபோது மிதக்க மறுத்தது என்றால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

உலோகச் சல்பைடுகளுக்குச் சேகரிப்பான் வேண்டும். சாந்தேட் என்ற வேதிப்பொருளின் மூலக்கூறில் ஒரு முனை சல்பைடு கனிமத்தைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எண்ணெய் போல நீரை விலக்கும். டன் தாதுவுக்குச் சில பத்துக் கிராம்தான் தேவை. 1920-களில் இது புழக்கத்துக்கு வந்த பிறகுதான் நுரை மிதப்பு நாம் இன்று காணும் உருவத்தை அடைந்தது.

இந்த முறை வேரூன்றிய இடத்தின் கதையைச் சொன்னால் "எப்படி முடிவு செய்கிறார்கள்" என்ற கேள்விக்கே பதில் கிடைக்கும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் 1883-இல் ஈயமும் வெள்ளியும் துத்தநாகமும் கலந்த பெரிய தாதுப்படுகை கண்டுபிடிக்கப்பட்டது. ஈயத் தாதுவான கலீனாவின் அடர்த்தி 7.5. ஜிக்கிலும் மேசையிலும் அழகாகப் பிரிந்தது. ஆனால் துத்தநாகத் தாதுவுக்கு அடர்த்தி 4. அதோடு இருந்த ரோடோனைட் என்ற கல்லுக்குச் சுமார் 3.6. நம் கணக்கைப் போடுங்கள்: 3-ஐ 2.6-ஆல் வகுத்தால் 1.15. எல்லைக்குக் கீழே. பிரிக்க வழியில்லாமல் துத்தநாகம் கழிவு மலைகளாகக் குவிந்தது, லட்சக்கணக்கான டன். எடையில் வேறுபாடு இல்லாத அந்த இரண்டுக்கும் மேற்பரப்பில் பெரிய வேறுபாடு இருந்தது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே நுரை மிதப்பு வணிக அளவில் ஓடத் தொடங்கியதும் கழிவு மலை தாதுவாக மாறிவிட்டது.

பிறகு இன்னொரு படி. ஈயம், துத்தநாகம் இரண்டுமே சல்பைடுகள். சேகரிப்பானைப் போட்டால் இரண்டும் சேர்ந்து மிதந்துவிடும் அபாயம் உண்டு. அதற்குக் குறைப்பான்கள் இருக்கின்றன. துத்தநாக சல்ஃபேட், மிகக் குறைந்த அளவில் சயனைடு ஆகியவற்றைச் சேர்த்தால் துத்தநாகத் தாது அடங்கிக் கீழே கிடக்கும், கலீனா மட்டும் மேலே வரும். ஈயத்தை அள்ளிய பிறகு செப்பு சல்ஃபேட் போடுவார்கள். செம்பு அயனிகள் துத்தநாகத் தாதுவின் மேல் படிந்ததும் அது விழித்துக்கொண்டு குமிழியைப் பிடிக்கும். ஒரே தொட்டிவரிசையில் முதலில் ஒன்றைத் தூங்கவைத்து, பிறகு எழுப்புகிறோம்.

ஈயத் தொட்டியின் பக்கத்தில் நின்று பார்த்தால் நுரை வெண்மையாக இருக்காது. ஒவ்வொரு குமிழியின் மேலும் உலோகத் தகடு போட்டது போலச் சாம்பல் பளபளப்பு. நுரை விளிம்பைத் தாண்டி வழியும்போதுகூட அந்தக் கனம் தெரியும். வெளிறிய நுரை வந்து பட்டென்று உடைந்தால் கனிமம் போதவில்லை. நுரை களி போல இறுகி நகராமல் நின்றால் வேதிப்பொருள் அதிகம். கருவிகள் எத்தனை வந்தாலும் அனுபவமுள்ள இயக்குநர் முதலில் பார்ப்பது நுரையின் நிறத்தையும் குமிழியின் அளவையும்தான்.

காந்தப் பிரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாக்னடைட்டுக்குச் சாதாரணக் காந்த உருளை போதும், சுமார் 0.1 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). ஹெமடைட், இல்மனைட் போன்ற வலுக்குறைந்தவற்றுக்கு 1 டெஸ்லா அளவிலோ அதற்கு மேலோ வேண்டும். மின்கடத்தலைப் பயன்படுத்துவது கடற்கரைக் கனிம மணலுக்கு மிகப் பொருத்தம். இரண்டே கேள்விகளில் நான்கு கனிமங்கள் பிரியும்: மின்சாரம் கடத்துமா, காந்தத்தில் ஒட்டுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் இல்மனைட். கடத்தும் ஆனால் ஒட்டாது என்றால் ரூட்டைல். கடத்தாது, ஆனால் ஓரளவு ஒட்டும் என்றால் மோனசைட். இரண்டும் இல்லையென்றால் சிர்க்கான். மணல் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எந்த முறையானாலும் வெற்றியை அளக்க இரண்டு எண்கள் வேண்டும்: தரம் (கிடைத்த பொருளில் உலோகம் எத்தனை சதவீதம்), மீட்பு (தாதுவில் இருந்த உலோகத்தில் எத்தனை சதவீதம் கைக்கு வந்தது). தாதுவில் செம்பு 1 சதவீதம், பிரித்தெடுத்த அடர்தாதுவில் 25 சதவீதம், கழிவில் 0.1 சதவீதம் என்றால், 100 டன்னுக்கு 3.6 டன் அடர்தாது கிடைக்கும். அதில் வந்து சேரும் செம்பு மொத்தத்தில் 90 சதவீதம். "25 சதவீதத் தரம்" என்று மட்டும் ஒருவர் சொன்னால் அது பாதிச் செய்திதான். மீட்பு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே ஒரு அழகான கலீனாத் துண்டைப் பொறுக்கி எடுத்து மற்றதையெல்லாம் வீசினால்கூடத் தரம் பிரமாதமாக இருக்கும்.

துகள்களாகப் பிரிக்கவே முடியாத இடத்தில் வேதியியல் உள்ளே வருகிறது. அலுமினியத் தாதுவான பாக்சைட்டில் அலுமினியமும் இரும்பும் மிக நுணுக்கமாகக் கலந்திருக்கின்றன, அரைத்துப் பயனில்லை. கார்ல் பேயர் 1880-களின் இறுதியில் கண்டுபிடித்த முறையில், சூடான எரிசோடாக் கரைசலில் அழுத்தத்தின் கீழ் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) கரையும், இரும்பு ஆக்சைடு கரையாமல் செஞ்சேறாகத் தங்கும். தெளிந்த கரைசலைக் குளிர்வித்து, ஏற்கெனவே உள்ள அலுமினியம் ஹைட்ராக்சைடு படிகங்களை விதை போலத் தூவினால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படியும். சுமார் 1,000 டிகிரியில் சூடாக்கினால் வெண்ணிற அலுமினா. டன்னுக்குச் சில கிராம் மட்டுமே தங்கம் உள்ள பாறைக்கு, தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்தெடுக்கும், 1887-இல் வந்த சயனைடு முறை. கரைசலைச் சுண்ணாம்பால் காரமாகவே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நச்சு வாயு எழும். தரம் குறைந்த செப்புத் தாதுவைப் பெருங்குவியலாக்கி அமிலத்தைச் சொட்டவிட்டால் பாக்டீரியாக்களும் வேலை செய்யும். இந்தப் பாக்டீரியாவை 1947-இல் முதலில் பிரித்தெடுத்தது ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் அமிலக் கசிவிலிருந்து. பைரைட்டை உண்டு அமிலம் ஆக்குவதுதான் அதன் வாழ்க்கை. தாதுக் குவியலில் நமக்கு உதவும் அதே உயிர், கரிக் கழிவுக் குவியலில் ஓடையைக் கெடுக்கிறது.

கழிவு என்று சொன்னபோதே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிப்பு ஆலை எவ்வளவு சிறப்பாக ஓடினாலும் வீசியது எங்கேயாவது தங்க வேண்டும். நுண்சேற்றைத் தடித்தொட்டியில் பாலிமர் போட்டுத் திரளச் செய்து, தெளிந்த நீரை ஆலைக்கே திருப்பி, சேற்றை அணைக்குள் அனுப்புகிறார்கள். அந்த அணையும் குவியலும் நீரை உள்ளே தேக்கிக்கொண்டால் திட நிலத்தைப் போல நிற்பது ஒரு நொடியில் திரவமாக ஓடும். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபெர்வானில் நீரூற்றின் மேல் குவித்த சுரங்கக் கழிவு பள்ளியின் மேல் சரிந்தது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத் தாதுக் கழிவணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தார்கள். ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கும்போது எவ்வளவு மீட்பு என்று கேட்பதோடு, எவ்வளவு நுண்சேறு, அதை எங்கே, எவ்வளவு உலர்ந்த நிலையில் வைப்போம் என்றும் அதே மூச்சில் கேட்க வேண்டும். இதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் திட்டத்தை நான் நல்ல திட்டமாக ஏற்க மாட்டேன்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முழுக்கச் சுத்தமான நிலக்கரி கிடைக்குமா? சலவையால் கிடைக்காது. மிதப்பு மூழ்கல் சோதனையில் 1.3-இல் மிதக்கும் மிக நல்ல துண்டிலும் சில சதவீதம் சாம்பல் இருக்கவே செய்யும். இன்னும் பொடித்து நுரையில் எடுக்கலாம், ஆனால் பொடியாக ஆக நீர் ஒட்டும். பெரிய துண்டுகள் சல்லடையில் வடிந்ததும் ஓரளவு உலர்ந்துவிடும். நுரையிலிருந்து வந்த மென்கரி வடிகட்டியைத் தாண்டியும் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு வரும். சாம்பலில் சேமித்த வெப்பத்தை அந்த நீரை ஆவியாக்கவே செலவிட்டால் என்ன பயன்? நீர் குறைந்த இடங்களில் காற்று ஜிக்கும், எக்ஸ் கதிர் பார்த்துக் கல்லை ஊதித் தள்ளும் இயந்திரமும் பெரிய துண்டுகளுக்கு நன்றாகவே உதவுகின்றன. மென்கரிக்கு அவை போதாது. எரிசோடாவாலும் அமிலத்தாலும் கரைத்துச் சாம்பலை ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர ஆய்வகத்தில் முடியும், கொதிகலனில் எரிக்கும் கரியின் விலை அந்தச் செலவைத் தாங்காது. கரிமக் கந்தகத்தையோ சலவை ஆலையில் தேடிப் பயனில்லை. எரித்த பிறகு, புகை வெளியேறும் முன்னால் சுண்ணாம்புக்கல் கலந்த நீரைத் தெளித்துப் பிடிக்கிறார்கள். அது ஜிப்சமாக வெளியே வருகிறது.